'கண்ணுக்குக் கண்': எப்படி வாசிப்பது?

கேள்வி (மயிலாடுதுறை): வாசிப்பு வட்டத்தில் பைபிளின் யாத்திராகமம் 21:24 ('கண்ணுக்குக் கண்' வரும் வசனம்) எடுத்திருக்கிறோம். யூதர், கிறிஸ்தவர் விளக்கமுறைகளை எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் (கும்பகோணம்): முதலில் யூத மரபு சொல்லும் பெஷாத், அதாவது நேர்ப்பொருள். 24-ஆம் வசனத்தை மட்டும் பிய்த்தெடுக்காதீர்கள், 18-லிருந்து படியுங்கள். 19-லேயே வேலையிழப்புக்கும் வைத்தியத்துக்கும் ஈடு வந்துவிடுகிறது. பிறகு மிஷ்னா (யூதச் சட்ட மரபுத் தொகுப்பு), அதில் சேதங்களைப் பற்றிய பாவா கம்மா பகுதி, 8-ஆம் அதிகாரம்: சேதம், வலி, வைத்தியம், வேலையிழப்பு, அவமானம் என்று ஐந்து ஈடுகள். எல்லாமே பணம்தான், கண்ணைப் பிடுங்குவதில்லை.

பதில் (தரங்கம்பாடி): அடுத்து மத்தேயு 5:38-42, இயேசு இதே 'கண்ணுக்குக் கண்' வாக்கை எடுத்துப் பேசும் இடம். இடைக்காலக் கிறிஸ்தவ மரபில் நேர்ப்பொருள், உருவகம், ஒழுக்கம், மறுமை என நான்கு பொருள். நேரே உருவகத்துக்குத் தாவுவதுதான் பலர் செய்யும் பிழை. மற்ற மூன்றும் நேர்ப்பொருள் மேல்தான் நிற்கும் என்கிறார் இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ்.

மயிலாடுதுறை: நன்றிங்க. ஞாயிறு 18-லிருந்தே தொடங்குகிறோம்.