பழைய எஸ்டேட் காரில் ஸ்டெப்னி குழியில் தண்ணீர், முன் கார்ப்பெட்டிலும் ஈரம்: எங்கிருந்து தேடுவது?

ஈரக்கம்பளம்:

வணக்கம். 20 வயதைத் தாண்டிய எஸ்டேட் கார் (கூரை டிக்கி வரை நீளும் ஸ்டேஷன் வேகன்). சன்ரூஃப், கூரையில் நீள ரூஃப் ரெயில்கள், பின்கதவில் வைப்பர் எல்லாம் உண்டு. தண்ணீர் இரண்டு இடங்களில் நிற்கிறது. டிக்கியில் ஸ்டெப்னி குழியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குத் தேங்குகிறது. முன்னால் பயணி காலடியில் கார்ப்பெட்டைத் தொட்டால் லேசான ஈரம்தான், அழுத்தினால் தண்ணீர் ஊறி வருகிறது.

மழை இல்லாத வாரத்தில் ஸ்டெப்னி குழி காய்ந்தே இருக்கிறது. முன்பக்கம் மட்டும் காய்வதே இல்லை. காலையில் கண்ணாடிகளின் உள்பக்கம் பனித்திருக்கிறது. பின்கதவு பீடிங் (சுற்றியுள்ள ரப்பர் பட்டை) பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. டெயில் லைட் ஓரங்களில் சிலிக்கான் பூசியும் பலனில்லை. இரண்டும் ஒரே ஒழுகலா, தனித்தனியா? எந்த வரிசையில் பிரித்துப் பார்ப்பது?

ஸ்பேனர்பெட்டி:

தனித்தனி என்று எடுத்துக்கொண்டே தொடங்குங்கள். முதலில் சிலிக்கானை நிறுத்துங்கள். தண்ணீர் நுழைவதைக் கண்ணால் பார்க்கும் வரை எதையும் பூசக் கூடாது. வினிகர் வாடை அடிக்கும் சாதாரண சிலிக்கான் இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். பெயின்ட் உரிந்த தகட்டில் அதுவே துருவைக் கிளப்பும். அது பட்ட இடத்தில் பிறகு பெயின்டும் பிடிக்காது, வேறு சீலன்டும் பிடிக்காது.

தண்ணீர் எப்போது வருகிறது என்பதை வைத்தே பாதி தூரம் போய்விடலாம். நிறுத்திய காரில் மழை பெய்து உள்ளே வந்தால் அது மேலிருந்து இறங்குகிறது: சன்ரூஃப், ரெயில், கூரைத் தையல் (தகடுகள் சேரும் இணைப்பு), கண்ணாடி ஒட்டு, டெயில் லைட். நனைந்த சாலையில் ஓடினால் மட்டும் வந்தால் சக்கரம் வாரி அடிப்பது: பின் பம்பருக்குள் ஒளிந்திருக்கும் காற்றுப்போக்கிகள் (உள்காற்று வெளியேறும் திறப்புகள்), தரைத் தகட்டின் ரப்பர் மூடிகள், வீல் ஆர்ச் தையல். மழையே இல்லாமல் வந்தால் காரே சுமக்கும் தண்ணீர்: ஹீட்டர் கோர் (சூடான கூலன்ட் ஓடி உள்ளே வெப்பம் தரும் சிறு ரேடியேட்டர்), ஏசி, பின் கண்ணாடியைக் கழுவும் குழாய்.

உங்கள் முன்பக்கம் காயாததை மட்டும் வைத்து ஹீட்டர் கோர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் தடித்த பஞ்சு லிட்டர் கணக்கில் தண்ணீரைக் குடித்துவிட்டு, மேலே காய்ந்ததுபோல் காட்டும். ஒரே ஒரு மழைத் தண்ணீர் வாரக்கணக்கில் உள்ளே கிடக்கலாம். கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கி அடித் தண்ணீரை வெள்ளைத் துணியில் ஒற்றிப் பாருங்கள். விரலுக்கு வழவழப்பும் இனிப்பு வாடையும் இருந்து, கூலன்ட் தொட்டியில் அளவும் இறங்கினால் ஹீட்டர் கோர். முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் பிசுக்குபோல் படிவதும் அதற்கு அடையாளம். ஏசி போட்ட நாட்களில் மட்டும் சுத்தமான தண்ணீர் என்றால் ஏசி வடிகுழாய் அடைத்திருக்கிறது. காற்றில் ஈரம் இருக்கும் நாளில் 15 நிமிடம் ஏசி ஓடியபின் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். சொட்டவில்லையென்றால் அந்தத் தண்ணீர் கார்ப்பெட்டுக்குத்தான் போகிறது. இந்த இரண்டும் இல்லையென்றால் மழைத் தண்ணீர், வைப்பர் தொட்டிக்கு (முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் கைகளுக்கு அடியில் உள்ள பள்ளம்) போங்கள்.

டிக்கிவாசி:

பின்பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். எஸ்டேட்டில் கூரை நீளம், தையல் நீளம், பின்கதவும் பெரியது. கூரையின் நடுவில் நுழைந்த தண்ணீர் லைனிங்குக்கு (கூரையின் உள்பக்க உறைக்கு) மேலே ஓடி, கடைசித் தூணுக்குள் இறங்கி, வீல் ஆர்ச்சின் உள்வளைவில் வழிந்து ஸ்டெப்னி குழிக்கு வந்து சேரும். குழி என்பது எல்லாம் வந்து சேரும் பள்ளம், அவ்வளவுதான். அங்கே தண்ணீர் நிற்பதால் அங்கே ஓட்டை என்று அர்த்தமில்லை.

டிக்கித் தரை, இரண்டு பக்கப் பேனல்கள், ஸ்டெப்னி, சத்தம் தடுக்கும் பஞ்சு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தகட்டைத் துடைத்துக் காயவைத்து, வீல் ஆர்ச், தூணின் அடி, டெயில் லைட்டின் உள்பக்கம் ஆகிய இடங்களில் சாக்பீஸ் தூள் அல்லது டால்கம் பவுடர் தூவுங்கள். தண்ணீர் வந்த தடம் கோடாகத் தெரியும். பின் சீட்டை மடக்கி ஒருவர் டார்ச்சுடன் உள்ளே படுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான பின்கதவுகள் உள்ளிருந்து திறக்காது, அதனால் சீட்டு வழியை அடைக்க வேண்டாம்.

வெளியில் இருப்பவர் ஹோஸில் நாசில் போடாமல், தண்ணீர் சும்மா வழியும்படி பிடிக்க வேண்டும். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம். அது நல்ல பீடிங்கையும் தாண்டி உள்ளே அடித்து உங்களைக் குழப்பிவிடும். கீழிருந்து மேலே போங்கள்: பம்பர் ஓரம், டெயில் லைட், பின்கதவின் கீழ்ப்பக்கம், பக்கவாட்டு, ஒட்டிய பக்கக் கண்ணாடிகள், கீல்கள், மேல் பிரேக் லைட், கடைசியாகக் கூரை. ஒவ்வொரு இடத்துக்கும் 10 நிமிடம். மேலே தொடங்கினால் எல்லா இடமும் நனைந்துபோய் எது ஒழுகுகிறது என்று சொல்ல முடியாது. பொறுமை இல்லாமல் 2 நிமிடத்தில் இடம் மாறுவதுதான் இந்தச் சோதனை தோற்கப் பெரிய காரணம். மெல்லிய ஒழுகல் உள்ளே எட்டிப் பார்க்கவே 7, 8 நிமிடம் ஆகும். ஒரு சுற்று சமதரையில் செய்து ஒன்றும் வரவில்லையென்றால், மூக்கு மேலாகச் சரிவில் நிறுத்தி இன்னொரு சுற்று செய்யுங்கள்.

பீடிங்கைப் பார்வையால் நம்பாதீர்கள். காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுங்கள். சுற்றிலும் ஒரே இறுக்கம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்தால் முதலில் பூட்டுக் கொக்கியையும் ரப்பர் முட்டுகளையும் சரிசெய்து பாருங்கள், புது பீடிங் பிறகு. பீடிங்கை இழுத்தெடுத்து அது உட்காரும் தகட்டு விளிம்பையும் பாருங்கள். துரு உப்பியிருந்தால் புது பீடிங்கும் உட்காராது.

தண்ணீர் ஊற்றியும் அகப்படாதவைக்குக் காற்றுச் சோதனை உண்டு. வெளிக்காற்று எடுக்கும் நிலையில் ப்ளோவரை முழு வேகத்தில் வைத்து எல்லாக் கதவுகளையும் மூடுங்கள். பின் காற்றுப்போக்கிகளை உள்ளிருந்து டேப்பால் அடையுங்கள், இல்லாவிட்டால் காற்று அந்த வழியே போய்விடும். வெளியே தையல்களில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும்.

நைலான்நரம்பு:

சன்ரூஃப் உள்ள காரில் பலரும் தவறாக நினைப்பது: சன்ரூஃப் ரப்பர் தண்ணீரை முழுதாகத் தடுக்கும் என்று. அதன் வேலை அதுவல்ல. கொஞ்சம் தண்ணீர் தாண்டி வரும், சுற்றியுள்ள தட்டு அதைப் பிடிக்கும், மூலைகளில் உள்ள வடிகுழாய்கள் வெளியே விடும். முன் குழாய்கள் முன் தூண்கள் வழியாக இறங்கும், பின் குழாய்கள் கடைசித் தூண்கள் வழியாகப் பின் பம்பர் பக்கம் இறங்கும். ஆகையால் கண்ணாடி ஓரத்தில் சீலன்ட் பூசுவது வீண்.

ஒவ்வொரு மூலையிலும் 200 மி.லி. தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். சில நொடிகளில் காருக்கு அடியில் ஒழுங்காக வழிய வேண்டும். தேங்கினால் அடைப்பு. தட்டு வடிந்தும் வெளியே வரவில்லையென்றால் குழாய் கழன்றிருக்கிறது, அதுதான் மோசம். அடைப்பை எடுக்கப் புல்வெட்டியில் போடும் 2 மி.மீ. நைலான் நரம்பு போதும். நுனியை நெருப்பில் காட்டி உருட்டிக்கொள்ளுங்கள். கம்பி வேண்டாம், குழாயைத் துளைத்துவிடும். கம்ப்ரஸர் காற்றை அடிப்பதற்கு நான் எதிரி: பழைய குழாய் தட்டிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும், பிறகு லைனிங்கை இறக்காமல் மாட்ட முடியாது.

முன் ஈரத்துக்கு வைப்பர் தொட்டியையும் பாருங்கள். வைப்பர் கைகள் நிற்கும் பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. இலை மட்கி வடிதுளை அடைத்தால் தண்ணீர் ஏறி, கேபின் ஃபில்டர் பெட்டி வழியாக ப்ளோவருக்குள் நுழைந்து பயணி காலடியில் இறங்கும். ஃபில்டர் ஈரமாகவோ அலையலையாகவோ இருந்தால் வேறு அத்தாட்சி தேவையில்லை. ஃபோக்ஸ்வாகன் பஸாட் பி5 போன்ற சில கார்களில் வடிதுளைகள் பேட்டரிக்கும் பிரேக் பூஸ்டருக்கும் அடியில் ஒளிந்திருக்கும், பேட்டரியைத் தூக்காமல் கை போகாது.

கதவுத்தாள்:

ஒன்றை விட்டுவிட்டீர்கள். ஈரம் கார்ப்பெட்டின் வாசல்படி ஓரத்தில் அதிகமாக இருந்தால் கதவைப் பாருங்கள். கதவுக் கண்ணாடி வழியே தண்ணீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு, அடியில் உள்ள துளைகளில் வடிய வேண்டும். டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டிய பிளாஸ்டிக் ஷீட்தான் அதை உள்ளே விடாமல் நிறுத்துகிறது. ஸ்பீக்கரோ கண்ணாடி மோட்டாரோ மாற்றியவர் ஷீட்டைக் கிழித்திருந்தால் அல்லது ஒட்டாமல் விட்டிருந்தால் நேராகக் காலடிக்குத்தான். பழைய பசையைச் சுரண்டிவிட்டு 8 மி.மீ. பியூட்டைல் (இறுகாமல் ஒட்டும் ரப்பர்) கயிற்றால் ஒட்டுங்கள். ஷீட்டின் அடி விளிம்பு கதவுக்குள் திரும்பியிருக்க வேண்டும்.

ஈரக்கம்பளம்:

சோதனை முடிவு. கூலன்ட் அளவு இறங்கவில்லை, வாடையும் இல்லை. ஏசித் தண்ணீர் வெளியே சொட்டுகிறது. வைப்பர் தொட்டியில் கையளவு மட்கிய இலை, கேபின் ஃபில்டர் ஊறியிருக்கிறது. சன்ரூஃப் மூலைகள் நான்கும் வடிகின்றன. பின்னால் கூரைக்கு ஹோஸ் பிடித்த 8-வது நிமிடத்தில் இடப்பக்கத் தூணில் தண்ணீர் இறங்கியது. ரூஃப் ரெயிலின் பின் கால் உள்ள இடம். கூரைப் பள்ளத்துப் பட்டையைத் தூக்கினால் உள்ளே சீலன்டில் வெடிப்பு. பம்பருக்குள் இடக் காற்றுப்போக்கியின் பஞ்சு தொட்டதும் உதிர்ந்தது.

டிக்கிவாசி:

அப்படியென்றால் பின்னால் குறைந்தது இரண்டு வழிகள். ரெயில், கூரைப் பள்ளம், காற்றுப்போக்கி மூன்றையுமே சரிசெய்யுங்கள்.

ரெயில்: லைனிங்கின் பின்பகுதியை இறக்கினால் நட்டுகள் தெரியும். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள காரில் பேட்டரியைக் கழற்றிப் 10 நிமிடம் காத்திருந்துவிட்டு வேலை தொடங்குங்கள். ரெயிலைத் தூக்கி, துளையைச் சுற்றித் துருவைச் சுரண்டி, எபாக்சி பிரைமர் அடித்துக் காயவிட்டு, ரெயில் காலுக்கும் கூரைக்கும் நடுவில், வெளிப்பக்கம், பியூட்டைல் வளையம் வையுங்கள். உள்ளே நட்டைச் சுற்றிப் பூசினால் தண்ணீர் துளைக்குள்ளேயே நின்று தகட்டைத் தின்னும். நட்டைப் பலமாக முறுக்கினால் கூரை குழிந்துவிடும். பியூட்டைல் ஓரத்தில் பிதுங்கியதும் நிறுத்துங்கள், மறுநாள் ஒருமுறை லேசாகப் பாருங்கள்.

கூரைப் பள்ளம்: வெடிப்புக்கு மேலேயே புது சீலன்ட் பூசினால் ஓராண்டு தாங்கலாம், அடியில் துரு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். உறுதியாகப் பிடித்திருக்கும் பகுதி வரை பழையதைக் கத்தியால் எடுங்கள். கம்பி பிரஷ், எபாக்சி பிரைமர், பிறகு பாலியூரித்தேன் சீம் சீலன்ட். பிரஷ்ஷால் தையலுக்குள் அழுத்தித் தடவ வேண்டும், மேலே கோடு இழுத்தால் போதாது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 மி.மீ. தான் இறுகும், அதனால் மெல்லியதாகப் பூசி 24 மணி நேரம் நனையாமல் வையுங்கள். மேலே பெயின்ட் அடித்தபின் பட்டையை மாட்டுங்கள்.

காற்றுப்போக்கி: பம்பரைக் கழற்றினால் பிளாஸ்டிக் சட்டம் நாக்குகளை அழுத்தியதும் வந்துவிடும். உதிர்ந்த பஞ்சைச் சுத்தமாக எடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்காத மூடிய துளைப் பஞ்சோ பியூட்டைலோ சட்டத்தைச் சுற்றி வைத்து மாட்டுங்கள். உள்ளே உள்ள மடல்கள் தாராளமாக அசைய வேண்டும். அவற்றை ஒட்டி மூடிவிட்டால் கதவுகள் மூடக் கடினமாகும், கண்ணாடி பனிப்பதும் கூடும்.

டெயில் லைட் சிலிக்கானையும் பிளாஸ்டிக் கத்தியால் முழுதாக எடுத்து, ஆல்கஹாலால் துடைத்து, புது கேஸ்கெட் போடுங்கள். நட்டைக் கையால் இறுக்கியபின் கால் சுற்று போதும், மீறினால் பிளாஸ்டிக் தண்டு வெடிக்கும்.

ஸ்பேனர்பெட்டி:

உலர்த்துவதை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒழுகலை அடைத்துவிட்டு ஈரப் பஞ்சை விட்டுவைத்தால் பனிப்பும் பூஞ்சை வாடையும் அப்படியே தொடரும். முன் சீட்டை எடுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் ஏர்பேக், அதற்கும் பேட்டரியைக் கழற்றிவிட்டே கை வைக்க வேண்டும். அந்தக் கனெக்டர் கழன்றிருக்கும்போது சாவியைத் திருப்பினால் எச்சரிக்கை விளக்கு பதிந்து நிற்கும். கார்ப்பெட்டைத் தூக்கி, பஞ்சைத் துண்டால் ஒற்றி எடுத்து, அடியில் மரக்கட்டை கொடுத்து ஃபேன் வையுங்கள். டிஹியூமிடிஃபையர் இருந்தால் கண்ணாடிகளை மூடிவிட்டு 2, 3 நாள் ஓடட்டும். திறந்து வைத்தால் அது வெளிக்காற்றைத்தான் உலர்த்தும்.

கார்ப்பெட்டைத் தூக்கியபோதே அடியில் உள்ள வயர் இணைப்புகளையும் பாருங்கள். பஸாட் பி5-ல் சென்ட்ரல் லாக்கைக் கவனிக்கும் பெட்டி முன் கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கிறது. பிஎம்டபிள்யூ இ61 டூரிங்கில் டிக்கித் தரைக்கு அடியில் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் இருக்கின்றன. பச்சை பூத்த பின்களைக் கான்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்யுங்கள்.

டிக்கிப் பேனல்களை உடனே மாட்டிவிடாதீர்கள். குழியில் செய்தித்தாள் விரித்து, இரண்டு நல்ல மழை தாண்டட்டும், ஒன்று நிறுத்தியிருக்கும்போது, ஒன்று ஓடும்போது. தாள் எந்தப் பக்கம் நனைகிறதோ அந்தப் பக்கத் தூணுக்குத் திரும்பிப் போங்கள். ஓடும்போது மட்டும் நனைந்தால் காற்றுப்போக்கியையும் வீல் ஆர்ச் தையலையும் மறுபடி பாருங்கள். பின் கண்ணாடி வாஷரை அடித்ததும் நனைந்தால் பின்கதவுக் கீல் அருகே வயரோடு போகும் ரப்பர் குழலுக்குள் தண்ணீர்க் குழாய் பிளந்திருக்கும்.

ஈரக்கம்பளம்:

புரிந்தது. ரெயிலை எடுக்கும்போது வலப்பக்கமும் பட்டையைத் தூக்கிப் பார்க்க வேண்டுமா?

டிக்கிவாசி:

கண்டிப்பாக. இரண்டு பக்கத்துக்கும் ஒரே சீலன்ட், ஒரே வயது. இடப்பக்கம் வெடித்திருந்தால் வலப்பக்கமும் வெடிக்கத் தொடங்கியிருக்கும். லைனிங் இறங்கியிருக்கும்போதே செய்துவிடுங்கள்.