வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் பணிச்சுமை எங்கிருந்து வருகிறது?

கேள்வி:
திரையில் விமானங்கள் கூடினால் வேலை கடினம், குறைந்தால் எளிது என்றே நினைத்திருந்தேன். ஆனால் இத்துறையினர் எண்ணிக்கையைப் பெரிதாகச் சொல்வதில்லை. அவர்களை உண்மையில் களைப்படையச் செய்வது எது?

மறுமொழி 1:
ரேடார் முன் பல ஆண்டுகள் அமர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரே வழித்தடத்தில் ஒரே வேகத்தில் வரிசையாகச் செல்லும் பதினைந்து விமானங்களைவிட, ஏறுவதும் இறங்குவதுமாக ஒரே புள்ளியை நோக்கி வரும் நான்கு விமானங்களே பாடாய்ப் படுத்தும். நடுவானில் இரு விமானங்களுக்கிடையே பொதுவாகப் பக்கவாட்டில் 5 கடல் மைலோ செங்குத்தாக 1,000 அடியோ இடைவெளி இருக்க வேண்டும். எதிரெதிரே வரும் ஜெட் விமானங்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15 கடல் மைல் நெருங்குவதால், 30 மைல் தொலைவு என்பது இரண்டே நிமிட அவகாசம். எனவே விமானம் இப்போது எங்கே இருக்கிறது என்பதைவிட, சற்று நேரத்தில் எங்கே இருக்கும் என்பதையே மனம் ஓயாமல் கணக்கிட்டுக்கொண்டிருக்கும். அதற்கிடையே, நாம் 310 (அதாவது 31,000 அடி) என்று சொன்ன உயரத்தை விமானி 330 என்று திருப்பிச் சொல்கிறாரா என்று காது கவனிக்க வேண்டும். எதிர்பார்த்ததையே கேட்டுவிடும் பழக்கம் காதுக்கு உண்டு. இடிமேகம் திரண்டுவிட்டால் கேட்கவே வேண்டாம்: எல்லோரும் ஒரே அலைவரிசையில் விலகிச் செல்ல அனுமதி கேட்பார்கள், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அப்படியானால், விமானங்கள் குறைந்த இரவுப் பணி ஓய்வு போன்றதா?

மறுமொழி 2:
இல்லை என்பதற்கு 2002 ஜூலை 1 அன்று இரவு ஜெர்மனியின் உபர்லிங்கன் நகருக்கு மேலே நடந்த விமான மோதலே சான்று. அந்த வான்பகுதியைக் கவனித்துவந்த, சுவிட்சர்லாந்தின் சூரிச் கட்டுப்பாட்டு மையத்தில் சக பணியாளர் ஓய்வுக்குச் சென்றிருக்க, ஒருவரே இரண்டு திரைகளைக் கவனித்தார். முதன்மைத் தொலைபேசி இணைப்பும் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருந்தது. தாமதமாக வந்த மற்றொரு விமானத்தைத் தரையிறக்கும் ஏற்பாட்டில் அவர் மூழ்கியிருந்தபோது, 36,000 அடி உயரத்தில் இரண்டு விமானங்கள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன. 71 பேர் இறந்தனர். போக்குவரத்து அன்று அதிகமில்லை.

மறுமொழி 1:
அதோடு பணி மாற்றத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனத்தில் கட்டியெழுப்பிய சித்திரத்தை அடுத்தவரிடம் சில நிமிடங்களில் ஒப்படைக்க வேண்டும். அதனால்தான் நான் ஒலிவாங்கியைக் கொடுத்த பிறகும் இருக்கையை விட்டு உடனே எழுவதில்லை; புதியவர் முதல் சில உத்தரவுகளைச் சொல்லி முடிக்கும்வரை அருகிலேயே இருந்து கேட்பேன்.