மறு: மறு: ஃப்ரீமேசனுக்குத் தமிழ்ச் சொல் (வெள்ளிக்குள் வேண்டும்)

மீனா:
வணக்கம். 18-ஆம் நூற்றாண்டு லண்டனைப் பற்றிய ஆவணப்படத்துக்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை குரல்பதிவு. ‘ஃப்ரீமேசன்’ (கல் கொத்துவோரின் பெயரையும் கருவிகளையும் அடையாளமாகக் கொண்ட, இரகசியச் சடங்குகள் உள்ள சகோதர அமைப்பின் உறுப்பினர்), ‘லாட்ஜ்’ (அவ்வமைப்பின் கிளை) இரண்டிலும் வண்டி நின்றுவிட்டது. காட்சி: 1717 ஜூன் 24, செயின்ட் பால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு மதுக்கடை. நான்கு லாட்ஜ்களைச் சேர்ந்தவர்கள் கூடி ‘கிராண்ட் லாட்ஜ்’ அமைக்கிறார்கள். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். “மதுக்கடை பக்கத்துல இருந்தா குடும்பத்தோட எப்படித் தங்குறது?” என்றார்.

அறவாழி:
கல் + தச்சர் = கற்றச்சர். புணர்ச்சியை இக்குழுவில் விளக்க வேண்டியதில்லை. ‘ஃப்ரீ’க்குக் ‘கட்டற்ற’, கட்டற்ற மென்பொருள் நிலைத்துவிட்டதே. ஆகவே, கட்டற்ற கற்றச்சர். லாட்ஜ் என்பது ஆதியில் கட்டுமான இடத்தில் கல் கொத்துவோர் போட்டுக்கொண்ட கொட்டகை. கொட்டகைக்கும் கோட்டத்துக்கும் வேர் ஒன்றே என்பது என் துணிபு. தனி மடலில் விரிப்பேன்.

செந்தில்:
ஐயா, வசனம் காதில் விழ வேண்டியது. ‘கற்ற அச்சர்’ என்றுதான் கேட்கும். கட்டற்ற கொத்தனார் என்றாலோ, சுவரே கட்டாத கொத்தனார்!

அறவாழி:
தம்பி, அதுதானே பொருத்தம்? எலியாஸ் ஆஷ்மோல் என்ற ஆங்கிலேய அறிஞர் 1646-இல் வாரிங்டனில் ஃப்ரீமேசனாகச் சேர்ந்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அவர் கரண்டி பிடித்தவரா? மூலைமட்டமும் கவராயமும் இவர்களுக்கு ஒழுக்கத்தின் குறியீடு, அவ்வளவே.

யசோதா:
எங்கட யாழ்ப்பாணத்தில கொத்தனாரையே மேசன் எண்டுதான் சொல்லுறது. ஃப்ரீமேசன் எண்டால் கூலி வாங்காமல் மதில் கட்டித் தாறவர் எண்டு நினைப்பினம்.

செந்தில்:
அவர்களின் மூன்று படிநிலைக்கு (பயிலுநர், தோழர், மாஸ்டர்) சொல் தெருவிலேயே கிடக்கிறது: சித்தாள், கொத்தனார், மேஸ்திரி. ‘மேஸ்திரி’ போர்த்துகீசிய வரவு, மாஸ்டருக்குச் சொந்தக்காரர்.

மீனா:
சித்தாள் என்றதும் எனக்குத் தலையில் கலவைச் சட்டி சுமக்கும் அக்காதான் தெரிகிறார். 1723-இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த ஃப்ரீமேசன் விதிநூல் பெண்களைச் சேர்க்கவே கூடாது என்கிறது. சரி, ‘சீக்ரெட் சொசைட்டி’க்கு?

அறவாழி:
மறைக்கழகம். கயமை அதிகாரத்தில் வள்ளுவர் ‘கேட்ட மறை’ என்றது இரகசியத்தைத்தான்.

செந்தில்:
மறைக்கழகம் என்றால் வேதபாடசாலை. அல்லது மறை கழன்றவர்களின் கழகம்.

யசோதா:
இரகசியச் சங்கம் எண்டால் எல்லாருக்கும் விளங்கும்.

(‘சங்கம்’ தமிழா வடசொல்லா என்று இதற்குப் பின் வந்த பதினோரு மடல்களை நான் இன்னும் திறக்கவில்லை, மன்னிக்கவும். – மீனா)

கோமதி:
நம் ஊரில் லாட்ஜுக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்திருக்கிறது, யாருக்கும் நினைவில்லையா? ஆங்கிலேயர் காலத்தில் இந்தியாவில் புழங்கிய சொற்களைத் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் ‘ஜாதூகர்’ பதிவைப் பாருங்கள். வடக்கே மந்திர வீடு, பம்பாய்ப் பக்கம் சைத்தான் கானா, தெற்கே ‘தலைவெட்டுக் கோயில்’. சேர வருபவரின் தலையை வெட்டி மறுபடி ஒட்டவைப்பார்களாம்! புகையக் கொஞ்சம் நெருப்பும் இருந்தது. இரகசியத்தை வெளியிட்டால் என் தொண்டை அறுபடட்டும் என்பது பழைய உறுதிமொழி; இங்கிலாந்தின் தலைமை லாட்ஜ் இத்தகைய தண்டனை வாசகங்களை உறுதிமொழியிலிருந்து நீக்க முடிவெடுத்ததே 1986-இல்தான். நியூயார்க் மாநிலத்தில் வில்லியம் மோர்கன் என்பவர் 1826-இல் சடங்குகளை அச்சிடப் போவதாகச் சொன்னார். கடத்திக்கொண்டு போனார்கள், ஆள் திரும்பவே இல்லை. அந்தக் கோபத்தில் மேசன் எதிர்ப்புக் கட்சி ஒன்றே பிறந்து, 1832 அதிபர் தேர்தலில் வெர்மான்ட் மாநிலத்தை வென்றது. வெளியே நின்று பயந்தவன் வைத்த பெயரில் இத்தனையும் இருக்கிறது. கட்டற்ற கற்றச்சரில் என்ன இருக்கிறது?

அறவாழி:
அம்மா, ‘தலைவெட்டு’ வசைச்சொல். கலைச்சொல் ஆகாது.

கோமதி:
அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது மட்டும்தான் கலைச்சொல்லா, ஐயா?

மீனா:
குரல்பதிவு முடிந்தது. ஃப்ரீமேசன் அப்படியே இருக்கிறார். முதல் முறை ‘லாட்ஜ் எனும் அவை’, பிறகு வெறும் ‘அவை’. கிராண்ட் லாட்ஜ் ‘பேரவை’. ‘இரகசியச் சங்கம்’ ஆறு பேர் ஆதரவில் தேறியது. தலைவெட்டுக் கோயிலை ஒரு வரியில் நுழைத்திருந்தேன். லண்டன் படத்தில் அது எதற்கு என்று இயக்குநர் வெட்டிவிட்டார்.

அறவாழி:
பேரவை என்றால் கேட்பவர் சபாநாயகரைத் தேடுவார். என் மறுப்பு பதிவாகட்டும். கொட்டகை பற்றிய மடல் தயார். நீளம் கருதி மூன்று பகுதிகளாக அனுப்புகிறேன்.