டிராக்கில் நாலாவது சுற்றிலேயே பிரேக் பெடல் இறங்குது, என்ன மாத்தணும்?

கேள்வி:
இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டும் கார். கம்பெனி பிரேக் பேடு, டாட் 4 தர பிரேக் ஆயில். நாலாவது சுற்றில் பெடல் பஞ்சு மாதிரி பாதி வரை இறங்குது. பெரிய டிஸ்க் போடணுமா?

பதில் 1:
டிஸ்க் வேண்டாங்க. பெடல் பஞ்சாகுதுன்னா ஆயில் கொதிச்சு காலிப்பருக்குள்ள (பேடை டிஸ்க் மேல அழுத்துற பாகம்) ஆவிக்குமிழ் வந்திருக்கு. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும். அதான் பெடல் இறங்குது. பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிக்கலைன்னாதான் பேடு கோளாறு. டாட் 4-க்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதுசில் 230 டிகிரி, ஈரம் ஏறினால் 155. 300-க்கு மேல் தாங்கும் ரேஸிங் பிரேக் ஆயில் ஊத்தி, நாலு சக்கரத்திலும் குமிழ் நிற்கும் வரை ப்ளீட் பண்ணுங்க, அதாவது பழைய ஆயிலையும் குமிழையும் வெளியேத்துங்க. டப்பாவில் ஆயில் மினிமத்துக்குக் கீழே போக விடாதீங்க, காத்து புகுந்துடும். டாட் 5 சிலிக்கான் வகை, கலக்கவே கூடாது.

பதில் 2:
பேடு எவ்வளவு தேஞ்சிருக்கு? பாதிக்குக் கீழேன்னா சூடு நேரா பிஸ்டனுக்கு ஏறும். டிராக் பேடு போட்டால் 100-லிருந்து 20 கி.மீ. வேகம் வரை எட்டுப் பத்து தடவை பிரேக் அடிச்சுப் பதப்படுத்துங்க, முழுசா நிறுத்தாமல்.

பதில் 3:
கடைசிச் சுற்றில் பிரேக் ஆறட்டும், அதை முடிஞ்சவரை தொடாம மெதுவா வாங்க. பிட்டில் (டிராக் ஓரம் வண்டி நிறுத்துற இடம்) ஹேண்ட்பிரேக் வேண்டாம். கியரில் விட்டு டயருக்குக் கட்டை வைங்க.