ஃபொண்டுவுக்குத் தனிச்சட்டி கட்டாயமா?

கொழுந்துக்கூடை (நானுஓயா):
அடியில பர்னர் வெச்ச சட்டி இல்லாட்டி சீஸ் ஃபொண்டு, அதான் சீஸை உருக்கிப் பாண் தொட்டுச் சாப்பிடுற சுவிஸ் சாப்பாடு, செய்யவே ஏலாதுன்னு போன வாரம் ஹட்டன் மேடு அண்ணன் இங்க எழுதியிருந்தாரு. நான் ஒத்துக்க மாட்டேன். பருப்பு வேகவைக்கிற மண்சட்டியிலதான் நான் செய்றேன். கௌடா சீஸும் செடார் சீஸும் சேர்த்து 400 கிராம் துருவி, ரெண்டு தேக்கரண்டி கோன்ஃப்ளவர்ல பிரட்டி வெச்சுக்குவேன். சட்டிக்குள்ள வெள்ளைப்பூடு தேய்ச்சு, 200 மில்லி தண்ணியும் அரைத் தேசிக்காய்ப் புளியும் விட்டு, ஆவி வந்ததும் தீயக் குறைப்பேன். அப்புறம் ஒவ்வொரு பிடியா சீஸ். முதப் பிடி கரைஞ்ச பிறகுதான் அடுத்தது. சாதிக்காய் கொஞ்சம் சுரண்டிப் போட்டு, வாட்டின பாணும் அவிச்ச கிழங்கும் தொட்டுச் சாப்பிடலாம். சுவிஸ்காரங்க ஃபொண்டு செய்ற காக்லோன் சட்டியே ஆரம்பத்துல மண்ணுல சுட்டதுதானே?

ஹட்டன் மேடு:
தங்கச்சி, நான் பட்டுத்தான் எழுதினேன். அலுமினியச் சட்டியில பால் கொதிக்க விட்டு மொத்த சீஸையும் ஒரேயடியா கொட்டினேன். ரப்பர் உருண்டை மாதிரி ஒண்ணு கரண்டியச் சுத்திக்கிச்சு, மேல எண்ணெய் மஞ்சளா மிதந்துச்சு. பிள்ளைங்க பாணும் கையுமா பாத்துக்கிட்டு இருந்தாங்க. சீஸ் விக்கிற விலையில அதைத் தூக்கி வீசுறது லேசா? என் தம்பி சுவிஸ்ல, பேர்ன்ல இருக்கான். அங்க வீட்டுக்கு வீடு ரெஷோவோடதான், அதான் மேசையில வைக்கிற பர்னரோடதான், சட்டி வெச்சிருக்காங்களாம். இந்தக் குளிருக்கு அடியில சூடு இல்லாட்டி மூணாவது துண்டு தொடுறதுக்குள்ள இறுகிப்போகும். இன்னொண்ணு, வைன் இல்லாம அது ஃபொண்டுவே இல்ல.

கொழுந்துக்கூடை:
அண்ணே, உங்க சீஸைக் கெடுத்தது கொதிப்பு. பர்னர் இருந்திருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும். சூடு ஏறினா புரதம் இறுகி ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும், கொழுப்பு பிரிஞ்சு வெளிய வரும். புளிப்பு அதைத் தடுக்குது. தேசிக்காயில உள்ள சித்திரிக் அமிலம் சீஸோட கல்சியத்தைப் பிடிச்சுக்கிறதால புரதம் இளகி நிக்குது. வைன்ல அந்த வேலையத் தார்த்தாரிக் அமிலம் பாக்குது. கோன்ஃப்ளவர் கட்டி தட்டாமப் பாத்துக்கும். நீங்க விட்டது பால், அதுல புளிப்பு எங்க இருக்கு?
வைன் பத்திச் சொன்னீங்க. சுவிஸ்ல ஃப்ரிபூர்க் பக்கம் வாஷ்ரன்னு அவங்க ஊர் சீஸை வெறும் தண்ணியிலதான் உருக்குறாங்க, அதுவும் கொதிக்க விடாம. தம்பிகிட்டயே கேட்டுப் பாருங்க. எங்க லயத்துல குடியால அழிஞ்ச குடும்பங்களக் கண்ணால கண்டவ நான். என் அடுப்படிக்குள்ள போத்தல் வராது.

பனிக்காலம் (நுவரெலியா):
ஹட்டன் அண்ணன் சொல்ற குளிர் உண்மைதான். எங்க வீட்டுல ராவுல தேத்தண்ணியே கோப்பையில ஆறிப்போகும். ஒரு சின்ன அடுப்புல சிரட்டைக் கரி போட்டு மேசைக்குப் பக்கத்துல வெச்சுக்கிட்டா பர்னர் எதுக்கு?

மாத்தளை அம்மா:
தம்பி, அதை மட்டும் செய்யாதீங்க. குளிருன்னு கதவு யன்னல் எல்லாம் சாத்தியிருக்கிற வீட்டுக்குள்ள கரி எரிஞ்சா காபனோரொட்சைட்டுங்கிற விஷவாயு சேரும். வாசனை கிடையாது, கண்ணும் கரிக்காது, தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கரியடுப்பு முற்றத்தோட இருக்கட்டும்.
சூடு நிக்கணும்னா அகலமான பாத்திரத்துல சுடுதண்ணி ஊத்தி, அதுக்குள்ள சட்டிய வைங்க. ஆறினா தண்ணிய மாத்துங்க. அடுப்பு மேல அப்படி வெச்சாலும் தீயிறது குறைவு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்க தண்ணி கொதிக்கிறதே 94 பாகைக்குக் கிட்டத்தான், அதுக்கு மேல சட்டிக்குச் சூடு ஏறாது. மண்சட்டி எடுக்கிறவங்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை: தயிர் வாங்கின முட்டிய அடுப்புல ஏத்தாதீங்க, விரிஞ்சு போகும். மீன் காய்ச்சுற சட்டியும் வேணாம், எத்தனை தடவை கழுவினாலும் அந்த வாடை சீஸ்ல ஏறும். புதுச்சட்டின்னா கஞ்சித்தண்ணி காய்ச்சிப் பழக்கிட்டு எடுங்க.

ஹட்டன் மேடு:
கொதிக்க விட்டது என் பிழைதான், ஒத்துக்கிறேன். தம்பியக் கேட்டேன், ஃப்ரிபூர்க் கதையும் சரியாம். ஆனாலும் சுடுதண்ணிய ரெண்டு மூணு தரம் மாத்தணும். எட்டுப் பேர் சுத்தி உக்காந்து சாப்பிடுற நேரத்துல அதை யாரு எந்திரிச்சுச் செய்யிறது? அம்மாதான் செய்வாங்க, அவங்க பங்கும் ஆறிப்போகும். பர்னர் இருந்தா அவங்களும் உக்காந்து சாப்பிடலாம். நான் கேக்குறது அதுக்காகத்தான்.

கொழுந்துக்கூடை:
அது நியாயமான பேச்சு அண்ணே, நான் யோசிக்காதது. ஆனா அந்த ஸ்பிரிட் பர்னர்ல நெருப்பு இருக்கும்போதே திரும்ப ஊத்தினா போத்தலோட பத்திக்கும். பிள்ளைங்க சுத்தி இருக்கிற மேசையில அதை எனக்கு நம்ப முடியல. எங்க வீட்டுல சட்டி அடுப்புலயே இருக்கும், நாங்கதான் அடுப்பச் சுத்தி நிப்போம், அம்மாவும் சேர்ந்து. கடைசியில அடியில பிடிச்ச காந்தலுக்குத்தான் சண்டை. சுவிஸ்லயும் அதுக்கு ரெலிஜியூஸ்னு பேர் வெச்சு, சுரண்டி எடுத்துப் பங்கு போடுவாங்களாம்.

ஹட்டன் மேடு:
அந்தக் காந்தல் எங்க வீட்டுல எனக்குத்தான். ஞாயித்துக்கிழமை மண்சட்டியில தேசிக்காய் விட்டுச் செஞ்சு பாத்துட்டு எழுதுறேன். பர்னர் விசயத்துல நான் சொன்னது சொன்னதுதான்.