பெரியம்மாவுக்குப் படுக்கைப் புண், முதியோர் இல்லம் கண்டுகொள்ளவில்லை, யாரிடம் போவது?

கோவை பக்கம், கட்டணம் வாங்கும் ஒரு முதியோர் இல்லத்தில் பெரியம்மா 14 மாதமாக இருக்கிறார். வயது 78, வலது பக்கம் வாதம், நினைவு மட்டும் தெளிவு. மாதம் 22,000 ரூபாய். மூன்று வாரம் முன்பு இடுப்புக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயம் அளவில் இருந்த புண், போன ஞாயிறு பார்த்தால் உள்ளங்கை அகலம், வாடை வேறு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ஆனால் இரவில் 30 பேருக்கு ஒரே ஆயா, அவரைச் சொல்லிக் குற்றமில்லை. செல்போனையும் வாங்கி வைத்துவிட்டார்கள், சும்மா சும்மா கூப்பிடுகிறாராம்.

மேலாளரிடம் இரண்டு முறை பேசினேன், எழுதியும் கொடுத்தேன். “பிடிக்கலேன்னா கூட்டிட்டுப் போங்க” என்கிறார். புண்ணுக்கு மருந்து கட்ட வெளியிலிருந்து நர்ஸ் வரவழைத்தேன், வாசலோடு அனுப்பிவிட்டார்கள். முதியோர் உதவி எண் 14567இல் புகார் பதிந்தாயிற்று. 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் போகலாம் என்றார்கள், ஆனால் அது பிள்ளைகளிடமும் வாரிசு உறவினரிடமும் பராமரிப்புத் தொகை கேட்கிற வழி, பெரியம்மாவுக்குப் பிள்ளையே கிடையாது.

இல்லத்துக்குள் நேரில் வந்து பார்க்க வைக்க மாவட்ட சமூக நல அலுவலரிடம் மனு கொடுப்பதா, திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்தில் கொடுப்பதா, உங்களில் யாருக்காவது எது பலித்தது?