ஆறு வரியில் முடிந்த நாள்: முன்னாள் ராணுவத்தாரின் நோட்டைப் புத்தகமாக்குவது எப்படி?

தோட்டத்து வாசகன், சுங்கை சிப்புட்

வணக்கம். எங்கள் தாமானில் ஒரு பெரியவர், மலேசிய ரேஞ்சர் படையில் இருந்தவர், எழுபதுகளில் கிரிக் எல்லைக் காட்டில் கம்யூனிஸ்ட்டுகளைத் தேடி ரோந்து போனவர். மூன்று பள்ளிக்கூட நோட்டு நிறைய எழுதி வைத்திருக்கிறார். தட்டச்சு செய்து புத்தகமாக்கும் வேலை என்னிடம். போர்ட்டிக்சன் பயிற்சிக்கு 40 பக்கம், சமையல்கூடச் சண்டைக்கு 4 பக்கம். கூட்டாளி கண்ணிவெடியில் காலை இழந்த நாளுக்கு ஆறே வரி. அதுவும் "சம்பவம் நடந்தது, காயமுற்றவர் அனுப்பப்பட்டார்" என்று போலீஸ் ரிப்போர்ட் மாதிரி. அது நடந்த ஆண்டு ஒரு நோட்டில் 1974, இன்னொன்றில் 1976. இந்த இடத்தை எப்படி விரிப்பது?

மெய்ப்புக்காரர், தைப்பிங்

தம்பி, நீங்கள் விரிக்காதீர்கள், அவர் விரிக்கட்டும். ராணுவத்தார் எழுத்தில் ஆக மோசமான நாள்தான் ஆகக் குட்டையாக இருக்கும். ரோந்து முடிந்து லாப்போரான் (அறிக்கை) எழுதிப் பழகிய கை அது. பெரட்டில் பேர் கூப்பிடுகிற மாதிரி வரிசையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். இன்னொன்று, உயிர் போகிற நேரத்தில் கவனம் ஒரே இடத்தில் குவிந்துவிடுகிறது. அதனால் முழுக் காட்சி தங்காது, ஒரு வாடை, ஒரு சத்தம், ஒரு பொருள்தான் தங்கும்.

அந்தப் பொருளைத்தான் தேட வேண்டும். "அப்போது மனசு எப்படி இருந்தது?" என்று கேட்டால் "கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்பார், அத்தோடு சரி. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து ரோந்து வரிசையை வரையச் சொல்லுங்கள். யார் முன்னால், இவர் எத்தனையாவது ஆள், தோளில் என்ன சுமை, மழையா வெயிலா, முதலில் காதில் விழுந்தது என்ன? காலைத் தேநீரில் தொடங்கி, அன்று ராத்திரி பூட்ஸைக் கழற்றிய இடம் வரை கேளுங்கள். வெடித்த நொடியில் நிறுத்தினால் அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்த மாதிரி. காலை வேளையில் உட்கார்ந்து பேசுங்கள், ஒரு தடவைக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

நோட்டில் இப்படி இருக்கும்: "கண்ணி வெடித்தது. ஹெலிகாப்டர் வந்தது." பதிப்பிக்கிறவர் கைவைத்தால் இப்படி ஆகும்: "என் இதயம் சுக்குநூறாகியது." பொறுமையாகக் கேட்டால் வருவது வேறு: "நூரி சத்தம் கேட்கிறவரை அவன் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கிறேன். முடிச்சு ஈரத்தில் இறுகிக் கிடக்கிறது." நூரி என்றால் ராணுவ ஹெலிகாப்டர். நோட்டில் இருந்த இறந்தகாலம் இங்கே நிகழ்காலமாக மாறுகிறது பாருங்கள். அதைத் திருத்திவிடாதீர்கள்.

ஆவணப் பிரியன், ஈப்போ

தேதிக் குழப்பத்தைப் பொய் என்று நினைக்க வேண்டாம். வளைகுடாப் போரிலிருந்து திரும்பிய 59 அமெரிக்க வீரர்களிடம் ஒரு மாதம் கழித்தும், இரண்டு வருடம் கழித்தும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். 88 விழுக்காட்டினர் ஒரு பதிலையாவது மாற்றிச் சொன்னார்கள். 1997இல் வெளிவந்த ஆய்வு அது. இரண்டு வருடத்திலேயே அப்படி என்றால் ஐம்பது வருடத்துக்குக் கேட்கவே வேண்டாம்.

சேவைப் புத்தகம், லீவு சீட்டு, படத்தின் பின்பக்கம், வீட்டுக்குப் போட்ட கடிதம் எல்லாவற்றையும் வாங்கிப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் பெலிலியு, ஒகினாவா தீவுகளில் சண்டையிட்ட அமெரிக்க வீரர் யூஜின் ஸ்லெட்ஜ், சட்டைப்பை அளவுப் புதிய ஏற்பாட்டில் குறித்துவைத்ததைக் கொண்டுதான் 1981இல் புத்தகம் போட்டார். பொருள்களும் காலம் சொல்லும். 1965ஆம் ஆண்டு அத்தியாயத்தில் நூரி பறந்தால் எங்கேயோ இடறியிருக்கிறது, அது விமானப்படைக்கு வந்ததே அறுபதுகளின் கடைசியில். கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை திறந்தது 1982இல். ஊர்ப்பெயரைக் குரோ என்று எழுதியிருந்தால் அப்படியே விடுங்கள், இன்றைய பெங்காலான் ஹூலு என்று அடிக்குறிப்பு போதும். ஆண்டு தீராவிட்டால் இரண்டையும் அச்சிட்டு, நோட்டில் இப்படி இருக்கிறது என்று குறியுங்கள். சத்தமில்லாமல் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் தப்பு.

கமலா டீச்சர், சித்தியவான்

பேர் விஷயத்தில் கவனம். இறந்த வீரர்களின் பெயர் பத்திரிகையில் வந்திருந்தால் போடலாம், கால் இழந்தவரிடமோ குடும்பத்திடமோ கேட்டுவிட்டுப் போடுங்கள். யார் காட்டுக்குள் கம்யூனிஸ்ட்டுகளுக்குச் சோறு அனுப்பினார், யார் காட்டிக்கொடுத்தார் என்பதில் பெயரே வேண்டாம். பேரப்பிள்ளைகள் இன்னும் அதே ஊரில்தான் இருப்பார்கள். 1948 ஜூன் 16இல் தோட்டத் துரைமார் மூவர் கம்யூனிஸ்ட்டுகளால் சுடப்பட்ட ஊர் உங்களுடையது, நான் சொல்ல வேண்டியதில்லை. படை நடமாட்டம், உளவு பற்றிய பகுதிகளை அதிகார ரகசியச் சட்டம் 1972 தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் அச்சுக்கு முன் படிக்கட்டும்.

பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்திய மன உளைச்சல் நோய்) என்ற சொல்லை அவர் வாயில் திணிக்காதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டிலேயே அது ஏறியது 1980இல்தான். அவர் "மண்டை சூடு" என்று எழுதியிருந்தால் அந்தக் காலத்துக்கு அதுதான் சரி.

பேசிய அன்று சோர்ந்து போவது சகஜம். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால், சின்னச் சத்தத்துக்கே துள்ளி எழுந்தால் நிறுத்திவிடுங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) காட்டினால் பெரிய ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். 15555 என்ற மனநல உதவி எண்ணும் உண்டு.

தோட்டத்து வாசகன்

நன்றி டீச்சர், நன்றி அண்ணன்மாரே. ஒரு சந்தேகம். அந்த நாளைச் சொல்லும்போதே நடுவில் கொம்போ (ராணுவ ரேஷன்) டின்னில் இருந்த மீனைப் பற்றி ஜோக் அடித்துச் சிரிக்கிறார். வெட்டிவிடலாமா?

மெய்ப்புக்காரர், தைப்பிங்

ஐயோ, வெட்டாதீர்கள். எந்த வரிக்குப் பிறகு சிரித்தார் என்று பென்சிலில் குறித்து, ஜோக்கை அங்கேயே வையுங்கள். கொம்போ, பாசுக்கான் (படைப்பிரிவு) எல்லாம் அவர் சொல்கிறபடியே இருக்கட்டும். பின்னால் ஒரு பக்கம் சொல்விளக்கம் போட்டால் சரி.